‘கூட்டலா கழித்தலா, டீச்சர்?’ – பிள்ளைகளின் யோசிக்கும் பழக்கம் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள் அநேகமாகத் தினமும் கேட்கும் கேள்வி இது. பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து வந்துவிடும்: “கூட்டலா கழித்தலா, டீச்சர்?” கேட்கும் பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். இந்தக் கணக்குக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையை மட்டும் நம்மிடம் கொடுத்துவிடுகிறது. அந்த வேலையைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பக்கம். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

யோசிக்கும் பழக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அது பிறவியிலேயே வரும் புத்திசாலித்தனம் இல்லையா?

சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு, நிதானமாகப் பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அது வேறு விஷயம். நான் சொல்வது, கேள்வியை முழுசாகப் படிப்பது, விடை வந்தபிறகு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்வது, இந்த மாதிரி சின்னச் சின்ன நடத்தைகளை. புத்திசாலிப் பிள்ளையிடமும் இவை இல்லாமல் போகலாம்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு பேனாவும் ஒரு ரப்பரும் சேர்த்து 11 ரூபாய். பேனாவின் விலை ரப்பரைவிட 10 ரூபாய் அதிகம். ரப்பர் எவ்வளவு? ‘ஒரு ரூபாய்’ என்று உடனே வாயில் வரும். ரப்பர் 1 ரூபாய் என்றால் பேனா 11 ரூபாய், இரண்டும் சேர்ந்து 12 ஆகிவிடும். சரியான விடை 50 பைசா. இதே அமைப்பில் ஒரு மட்டைக்கும் பந்துக்குமான கணக்கை ஷேன் பிரெடெரிக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பேர்பெற்ற பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்து, 2005-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களிலும் ஏராளமானோர் தவறவிட்டார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. வந்த விடையைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். சரிபார்ப்பது பழக்கம். பழக்கத்தைப் பழக்கலாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பேசத் தொடங்கியதிலிருந்தே தொடங்கலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் ‘செருப்பு எங்கே இருக்கும், யோசிச்சு சொல்லு’ என்பதுகூட இதில் சேர்த்திதான். பாடப்புத்தகம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மனப்பாடம் செய்வது தப்பா? இப்போது எல்லோரும் அதைத் திட்டுகிறார்களே?

தப்பே இல்லை. வாய்ப்பாடு மனதில் இல்லாத பிள்ளை ஏழெட்டு எத்தனை என்று விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் கணக்கு எங்கே நின்றது என்பதையே மறந்துவிடும். ஒரே நேரத்தில் மூளை கையில் வைத்துக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். அடிப்படை விஷயங்கள் தானாக வந்தால்தான் மிச்ச இடத்தில் யோசிக்க முடியும். வாய்ப்பாடு, எழுத்துகள், செய்யுள், அறிவியல் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கட்டும்.

பிரச்சினை, மனப்பாடத்தோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் மாணவன் செய்யவேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ‘பாடம் போற்றல்’ இருக்கிறது, கூடவே ‘கேட்டவை நினைத்தல்’, ‘வினாதல்’, ‘வினாயவை விடுத்தல்’ என்பனவும் இருக்கின்றன. பாடத்தை மனதில் வை, கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்கு விடை சொல். நம் பிள்ளைகளிடம் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு சான்று உண்டு. பதினைந்து வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடக்கும் பிசா தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. படித்ததை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வு இல்லை அது. ஒரு பத்தியையோ வரைபடத்தையோ கொடுத்து, அதை வைத்து முடிவெடுக்கச் சொல்லும். 74 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டதில் நம் இரண்டு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. கல்வியில் முன்னால் இருப்பதாக நாம் பெருமைப்படும் மாநிலம் தமிழ்நாடு. எனக்கு அந்த முடிவு இன்றும் வலிக்கிறது. பிள்ளைகள் உழைக்காததால் வந்த முடிவு இல்லை அது. அந்த வகைக் கேள்வியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

எண்ணைக் கொடுத்தால் போட்டுவிடுகிறாள். வார்த்தைக் கணக்கு வந்தால் மட்டும் ‘கூட்டலா கழித்தலா’ என்கிறாள். என்ன செய்வது?

பெற்றோர் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு’ என்று பலரும் சொல்லித்தருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் இது வேலை செய்வதுபோல் தெரியும். நான்காம் வகுப்பில் இப்படி ஒரு கணக்கு வரும்: ‘ராணியிடம் 48 மணிகள் உள்ளன. இது கவிதாவிடம் உள்ளதைவிட 12 அதிகம். கவிதாவிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் வகுப்பில் பாதிப் பேர் 60 என்று எழுதிவிடுவார்கள். யாரிடம் அதிகம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

1980-ஐ ஒட்டிப் பிரான்சில் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?’ நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் கூட்டியோ கழித்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். கணக்கு என்றால் எண்களை எடுத்து ஏதாவது செய்வது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டிருப்பது நம் ஊரில் மட்டும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது: பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கணக்கைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு எண்களே இல்லாமல் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ‘ராணிகிட்ட மணி இருக்கு. கவிதாகிட்டயும் இருக்கு. ராணிகிட்ட கவிதாவைவிட அதிகமா இருக்கு.’ சரி, அப்படியென்றால் கவிதாவுக்கு ராணியைவிடக் கூடவா, குறைவா? ‘குறைவு.’ அப்போ விடை 48-க்கு மேலே வருமா, கீழே வருமா? ‘கீழே.’ இப்போது பென்சிலை எடுக்கட்டும். ‘கூட்டலா கழித்தலா’ என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: ‘கவிதாகிட்ட 36 இருந்தா, அதைவிட 12 கூட எத்தனை?’ 48 வந்துவிட்டதா, முடிந்தது.

புரிந்துகொள், வழி யோசி, செய், திரும்பிப் பார் என்ற இந்த நான்கு படிகளை ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1945-லேயே எழுதிவைத்தார். நான்காவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், நேரம் இல்லை என்று. ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு போடவைப்பதற்குப் பதில் மூன்று கணக்கை இந்த நான்கு படியோடு போடவையுங்கள்.

ஏதாவது கேட்டால் உடனே ‘தெரியாது’ என்கிறான். கொஞ்சம்கூட முயற்சி செய்வதில்லை.

நீங்கள் கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே சொன்னார்கள். அதையே மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

நாம் வீட்டில் ஒரு விநாடிகூடக் கொடுப்பதில்லை. கேட்கிறோம், முகத்தைப் பார்க்கிறோம், ‘இதுகூடத் தெரியலையா’ என்கிறோம். ‘தெரியாது’ என்றால் பேச்சு முடிந்துவிடும், திட்டு சீக்கிரம் தீரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த நேரத்தில் சமையல் வேலையைப் பாருங்கள், முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அப்பவும் ‘தெரியாது’ என்றால், ‘சரி, இதுல எதுவரைக்கும் தெரியும்?’ என்று கேளுங்கள். ஏதாவது கொஞ்சம் தெரிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

அண்ணனோ அக்காவோ முந்திக்கொண்டு பதில் சொல்லும் வீடுகளில் இது இன்னும் சிரமம். பெரிய பிள்ளையிடம் தனியாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்மாறான பிரச்சினை. கேள்வி மேல் கேள்வி கேட்டு நச்சரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே ஆகவேண்டுமா?

வேண்டாம். ‘நீ என்ன நினைக்கிற?’ என்று திருப்பிக் கேட்டாலே பாதிக் கேள்விகளுக்கு அவளே ஏதோ ஒரு பதில் வைத்திருப்பது தெரியும். உங்களுக்குத் தெரியாததை ‘எனக்குத் தெரியலைம்மா, ஞாயித்துக்கிழமை சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாதது உண்டு, தேடினால் கிடைக்கும் என்ற இரண்டையும் அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளை பார்க்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தேடவேண்டும். ‘வாயாடி’, ‘அதிகப்பிரசங்கி’ என்ற பட்டம் மட்டும் வேண்டாம். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டத்தைச் சொந்தக்காரர்கள் சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள்.

விழுந்து விழுந்து படிக்கிறான். பரீட்சை ஹாலில் எல்லாம் மறந்துபோகிறது. ஏன்?

புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து தடவை படித்தால் ஐந்தாவது தடவை எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். அதைத் ‘தெரியும்’ என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பரீட்சையில் முன்னால் புத்தகம் இருக்காது. வெறும் தாளைப் பார்த்து மனதிலிருந்து எடுக்கவேண்டும். அந்த எடுக்கும் வேலையைத்தான் அவன் பழகவில்லை.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான்.

ஆகவே மாலையில் பையன் ஒரு பாடம் படித்து முடித்ததும், புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ‘என்ன இருந்துச்சு, சொல்லு’ என்று கேளுங்கள். தடுமாறுவான். தடுமாறட்டும், அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் பதிகிறது. விட்டதை மட்டும் திறந்து பார்க்கட்டும். அதே பாடத்தை மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைப் படித்து முடித்தபிறகு பார்க்காமல், படிக்கும் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடத்துக்குள் போவதும் நல்லது. எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரியும்.

நான் எட்டாவதோடு நின்றவள். அவள் பாடம் எனக்குப் புரியாது. என்னால் எப்படி உதவ முடியும்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கேட்பவரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழவேண்டியதில்லை, அம்மா. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எட்டாவது படித்த, ஏன், படிக்கவே தெரியாத ஒருவராலும் செய்ய முடியும்.

முன்னே சொன்ன நன்னூலிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மிச்சம் இருக்கும் அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. அந்தப் ‘பிறர்’ நீங்கள்தான். ‘இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு’ என்று உட்காருங்கள். புரியாத இடத்தில் ‘அது ஏன் அப்படி?’ என்று நிறுத்துங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாதது இங்கே வசதிதான். தெரிந்தவரிடம் பிள்ளை பாதியை விழுங்கிவிட்டுப் போகும், உங்களிடம் அது முடியாது.

இன்னொன்று. நீங்கள் செய்யும் தொழிலில் கணக்கு இருக்கிறது. 1980-களில் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்ன அதே பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்விலும் இதே நிலைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கோ இதற்கு எதிர்த்திசையில், சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை. பூ தொடுப்பவரோ தையல் தைப்பவரோ காய்கறி வாங்கிவருபவரோ அந்தப் பாலத்தைப் போடலாம். ‘ஒன்றரை கிலோ வெங்காயம், கிலோ 40. நான் 60 ரூபா கொடுத்தேன். எப்படிக் கணக்குப் போட்டேன் தெரியுமா? ஒரு கிலோவுக்கு நாப்பது, அரைக்கு இருபது.’ இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவளை நோட்டில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 1.5 × 40. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் பார்க்கும்போது முகத்தைக் கவனியுங்கள்.

‘நீ புத்திசாலிடா’ என்று பாராட்டக்கூடாதாமே?

பாராட்டுங்கள். எதைப் பாராட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1998-ல் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இது. புதிர்களைப் போட்டு முடித்ததும் ஒரு பிரிவிடம் ‘நீ ரொம்ப புத்திசாலி’ என்றார்கள், இன்னொரு பிரிவிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து, தங்கள் கெட்டிக்காரத்தனம் தெரியும்படியான பாதுகாப்பான வேலையையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிரில் தோற்றபிறகு, முதலில் போட்டது போன்ற எளிய புதிரைக்கூட முன்னைவிட மோசமாகப் போட்டார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று எழுதச் சொன்னபோது அவர்களில் ஐந்தில் இருவர் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள்.

‘மனம் வைத்தால் எல்லாம் முடியும்’ என்று சொல்லிக்கொடுத்தாலே மதிப்பெண் ஏறிவிடும் என்று இதை ஊதிப் பெருக்கியவர்களும் உண்டு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் சிறியதாகத்தான் தெரிந்தது. ஆகவே மந்திரம் எதுவும் இல்லை. செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டினால் போதும்: ‘முதல் வழி சரிவரலைன்னதும் படம் வரைஞ்சு பார்த்தியே, அது நல்ல யோசனை.’ அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்பது அந்தப் பாராட்டிலேயே இருக்கிறது.

மார்க் குறைந்தால் விடைத்தாளை ஒளித்துவைக்கிறான்.

ஒளித்துவைத்தால் தண்டனை தள்ளிப்போகும் என்று அவன் போட்ட கணக்கு சரியானதுதான். மாற்றவேண்டியது காட்டினால் என்ன நடக்கும் என்பதை. விடைத்தாள் வந்த அன்று மொத்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம். தப்பான விடை ஒன்றை எடுத்து, ‘இங்கே என்ன நினைச்சு இப்படிப் போட்ட?’ என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் குரலில்.

503 − 268 = 365 என்று ஒரு பிள்ளை போட்டிருக்கிறது என்று வையுங்கள். கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போகலாம். உட்கார்ந்து கேட்டால் தெரியும்: ‘சின்னதுல இருந்து பெரியது போகாது, அதனால பெரியதுல இருந்து சின்னதைக் கழிச்சேன்.’ எட்டில் மூன்று போனால் ஐந்து, ஆறில் பூஜ்யம் போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஒரு விதியை எடுத்து முழுக் கணக்குக்கும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. விதிதான் தப்பு. கடன் வாங்குவதை ஒரே ஒருமுறை குச்சிக்கட்டு வைத்துக் காட்டினால், இனி வரும் இருபது கணக்குகள் சரியாகிவிடும். பிள்ளையின் தப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால் விடைத்தாள் ஒளியாது.

அபாகஸ், செஸ், ‘மிட் பிரெயின்’ வகுப்பு, எதில் சேர்க்கலாம்?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்கவேண்டாம்.

செஸ் அருமையான விளையாட்டு. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து வகுப்புகளில் கூட்டம். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் கட்டாயம் விளையாடட்டும், பொறுமை வரும், தோல்வியைத் தாங்கப் பழகும். செஸ் விளையாடினால் கணக்குப் பாடம் தானாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது செஸ் கற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. அபாகஸும் அப்படித்தான், மனக்கணக்கு வேகம் கூடும். வார்த்தைக் கணக்கில் எது கூட்டல் என்று அது சொல்லித்தராது. வீட்டில் ஆடுபுலி ஆட்டம் கட்டம் போட்டு விளையாடுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, காசு செலவில்லை. நகர்த்தும் முன் ‘நீ இதை நகர்த்தினா நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டுக்கொண்டே ஆடினால் அதுவே நல்ல பயிற்சி.

‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்வது, புத்தகம் படிப்பது காட்டுகிறார்களே, அதன் பக்கம் போகவே வேண்டாம். மூக்கின் ஓரத்தில் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகப் பிள்ளை கீழே பார்க்கிறது. அந்த இடுக்கை மாவோ பஞ்சோ வைத்து அடைத்துவிட்டால் எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, அப்பா அம்மாவிடம் பொய் சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை.

வீட்டுப்பாடத்தை சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிவிடுகிறான்.

அதை உருவாக்கிய நிறுவனமே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்றுதான் விதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் வயது என்றால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் அவன் எழுதவேண்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. அப்புறம் அதைக் கேட்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே வித்தியாசம், எது சரி, அது சொன்னது உண்மைதானா என்று புத்தகத்தில் பார்க்கட்டும். அது உறுதியான குரலில் தப்பும் சொல்லும். தமிழ் இலக்கணம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறாள். அதற்கு என்ன செய்வது?

முதலில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் நம்பாமல் இருக்கவேண்டும். ‘நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துள்ளது’ என்ற செய்தி எத்தனை வருடமாகச் சுற்றுகிறது! அப்படி ஒரு அறிவிப்பே இல்லை, யுனெஸ்கோ மறுத்தும்விட்டது. கேட்க இனிமையாக இருப்பதால் இன்னும் வருகிறது. அப்படி ஒன்று குடும்பக் குழுவில் வரும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேறு எங்காவது இதே செய்தி இருக்கிறதா? தேடிப் பார்த்துவிட்டு, பொய் என்றால் அனுப்பிய மாமாவுக்கு மரியாதையாகச் சொல்லவும் பிள்ளையையே விடுங்கள்: ‘மாமா, தேடிப் பார்த்தோம், இது உண்மை இல்லையாம்.’ இது அறிவியல் பாடத்தில் ஒரு பாடத்துக்குச் சமம்.

சொந்தமாக யோசித்து எழுதினால் பள்ளியில் மார்க் போய்விடாதா? புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்கிறார்களே?

சில இடங்களில் போகும். மறைப்பதற்கில்லை. புத்தகத்தின் வரியை அப்படியே எதிர்பார்க்கும் திருத்தம் இன்னும் இருக்கிறது, நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரின் சிரமத்தையும் பார்க்கவேண்டும். வரையறைகளையும் சூத்திரங்களையும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதப் பழகட்டும், அது தேவையும்கூட. விளக்கம் எழுதும் இடத்தில், முதலில் தன் சொந்த வார்த்தையில் உங்களிடம் சொல்லிவிட்டு, பிறகு புத்தக வரியைப் படிக்கட்டும். புரிந்தபின் மனப்பாடம் செய்வது வேகமாகவும் நடக்கும். பள்ளியோடு சண்டைக்குப் போகும் விஷயமில்லை இது. பெற்றோர் கூட்டத்தில் ‘மார்க் எவ்வளவு?’ என்பதோடு ‘வகுப்பில் கேள்வி கேட்கிறாளா?’ என்றும் கேளுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் அந்த வகுப்பில் அது கவனிக்கப்படும்.

எவ்வளவு சொன்னாலும் கவனமே இல்லை. வேறு காரணம் இருக்குமா?

இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். பலகை சரியாகத் தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். கண் பரிசோதனை செய்யுங்கள், காதையும் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்றரை வரை டிவி ஓடும் வீட்டில் இது நடக்காது. காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் வீண். 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியதன் அருமை வகுப்பில் நிற்பவர்களுக்குத் தெரியும். வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும் பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் மூன்றாம் வகுப்பு தாண்டியும் திணறினால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கக்கூடும். சோம்பேறி என்று முடிவுகட்டாமல் நிபுணரிடம் காட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டான். இனிமேல் தாமதமா?

தாமதமில்லை. ஆனால் இந்த வயதில் கதை சொல்லு என்று உட்காரவைக்க முடியாது. அவனுக்கு உண்மையிலேயே முக்கியமான முடிவுகளை அவனோடு சேர்ந்து எடுங்கள். பதினொன்றில் எந்தக் குரூப் என்பது நல்ல வாய்ப்பு. ஒரு தாளில் என்னென்ன வழிகள், ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவனே எழுதட்டும். கூடப் படிப்பவர்கள் எடுக்கிறார்கள் என்பது காரணமாக இருந்தால் அதையும் எழுதட்டும், எழுதிப் பார்க்கும்போது அதன் எடை அவனுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்ற உங்கள் காரணத்துக்கும் அதே தாளில் இடம் உண்டு.

வேலை முடிந்து வீட்டுக்கு வரவே இரவு எட்டாகிறது. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

தனி நேரம் வேண்டாம். சாப்பிடும்போது ஒரு கேள்வி போதும்: ‘இன்னைக்கு எது புரியலை?’ வழக்கமாக நாம் கேட்கும் ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்பதற்கு ‘ஒண்ணும் இல்லை’ என்று பதில் வந்துவிடும். புரியாததைக் கேட்டால் முதல் சில நாள் முழிப்பார்கள். உங்களுக்கு அன்று புரியாத ஒன்றை நீங்கள் முதலில் சொல்லுங்கள், பேங்க்கில் கொடுத்த படிவமோ, சூப்பர்வைசர் சொன்ன ஏதோ ஒன்றோ. சனி, ஞாயிறில் ஒரு கணக்கோ ஒரு விடுகதையோ. இதற்கு மேல் நேரம் கிடைத்தால், பையைத் திறந்து நோட்டைச் சரிபார்க்காமல், அவர்களை வெளியே விளையாட விடுங்கள்.